450 என்று எழுதியிருக்கிறது

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போனால், எண்ணூர் தாண்டியதுமே வானத்தைத் தாங்கிப் பிடித்திருப்பதுபோல் புகைபோக்கிகள் வரிசை கட்டி நிற்கும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகளும் சேர்ந்து 1,830 மெகாவாட். வல்லூரில் 1,500. 2024-இல் தொடங்கிவைக்கப்பட்ட மூன்றாம் நிலை இன்னொரு 800. கூட்டினால் 4,130 மெகாவாட். ஆளுக்கு 500 வாட் இழுக்கும் கேமிங் கம்ப்யூட்டர்களை இதில் சுமார் 82 லட்சம் ஓட்டலாம். இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற மீஞ்சூரில், கடைசி வில்லனுக்கு இன்னும் ஒரு அடிதான் பாக்கி என்கிற நேரத்தில் டியூப்லைட் ஒரு கண் சிமிட்டு சிமிட்டும். கம்ப்யூட்டர் அணைந்து, தானே மறுபடி எழுந்து, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் முகப்புத் திரையைக் காட்டும். காரணம் எளிது. பக்கத்தில் செய்யப்படுகிற மின்சாரம் பக்கத்து வீட்டுக்கு நேராக வருவதில்லை. 230, 400 கிலோவோல்ட் கம்பிகளில் ஏறி ஊரைவிட்டுப் போய், மாநிலக் கணக்கில் சேர்ந்து, துணைமின் நிலையம், டிரான்ஸ்ஃபார்மர், கம்பம், கம்பத்தின் மேல் சாய்ந்த முருங்கைக் கிளை என்று எல்லோரையும் விசாரித்துவிட்டுத்தான் திரும்பி வருகிறது. சமையல்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் முதலில் இலை போடுவார்கள் என்று எந்தக் கல்யாணத்திலும் விதி இல்லை.

இதை மீஞ்சூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். ஆனால் அதே மீஞ்சூர்க்காரர் சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு கேமிங் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்யும்போது இந்த ஞானத்தை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்குகிறார். பவர் சப்ளை, அதாவது கடை மொழியில் எஸ்எம்பிஎஸ், அதன் டப்பாமேல் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை வாட் உள்ளே இருக்கிறது என்று நம்பிவிடுகிறார். என் கட்சி இதுதான்: எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது கடைசியாகப் பார்க்க வேண்டியது வாட் எண், பட்ஜெட்டில் முதலில் ஒதுக்க வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸுக்கான பணம். நடப்பது நேர் தலைகீழ். முதலில் கிராஃபிக்ஸ் கார்டு, பிறகு புராசஸர், பிறகு கண்ணாடிக் கேபினட், அதற்குள் கோயில் தேர்போல் ஏழு வண்ணத்தில் சுழலும் ஃபேன்கள். மிச்சம் 1,200 ரூபாய் இருக்கும்போதுதான் “அண்ணே, எஸ்எம்பிஎஸ் ஒண்ணு போடணும்ல” என்று நினைவு வருகிறது. மண்டபம், மேளம், மூன்று வகைப் பாயசம் எல்லாம் முடிவானபிறகு ஜெனரேட்டர்காரரிடம் பேரம் பேசுகிற வீட்டாரைப் போல. அவரும் பேரத்துக்கு ஒத்துக்கொள்வார். தாலி கட்டும் நேரத்தில்தான் டீசல் தீரும்.

எண்களை நம்பக்கூடாது என்பதற்கு உள்ளூரிலேயே சாட்சி உண்டு. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் நிறுவு திறன் 450 மெகாவாட். 1970-இல் ஓடத் தொடங்கிய அந்தக் கிழவர் வயதான காலத்தில் அந்த எண்ணை எட்டவே இல்லை. 2017 மார்ச்சில் மூடிவிட்டார்கள். ஆனாலும் ஏடுகளில் வெகுகாலம் 450 தான். மலிவு எஸ்எம்பிஎஸ்ஸிலும் பெரும்பாலும் இதே 450 இருப்பது தற்செயல்தான் என்றாலும் பொருத்தமான தற்செயல். ஒரு வித்தியாசம்: எண்ணூராருக்கு இளமையில் அந்தத் திறன் நிஜமாகவே இருந்தது. மலிவு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அதுவும் கிடையாது. டப்பாவின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்து அட்டவணையைப் பாருங்கள். அங்கே 3.3, 5, 12 வோல்ட் என்று தனித்தனி வரிகள் இருக்கும். இன்றைய புராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் தங்கள் தீனியை ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. அந்த வரியில் 16 ஆம்ப் என்று இருந்தால், பன்னிரண்டு பெருக்கல் பதினாறு, 192 வாட். மீதி 258 எங்கே? கொஞ்சம், யாரும் பெரிதாகத் தொடாத 5 வோல்ட்டில்; மிச்சம் அச்சகத்தில். ஒழுங்கான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் வரி 45 ஆம்ப் பக்கம் இருக்கும், அதாவது 540 வாட். கையடக்க டேப் ரிக்கார்டரில் 1,000 வாட் பிஎம்பிஓ என்று எழுதி விற்ற காலத்தைக் கடந்து வந்த தலைமுறை நம்முடையது. அந்த 1,000 வாட்டில் பக்கத்து அறைக்கே பாட்டு கேட்காது. அப்போது ஏமாந்ததற்கு வயது காரணம். இப்போது ஏமாந்தால் பெருக்கல் வாய்ப்பாடுதான் காரணம்.

சரி, நிஜமாக எத்தனை வாட் வேண்டும்? நடுத்தரக் குடும்பத்து கேமிங் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டின் மின்தேவை 115 வாட். சாதாரண ரைசன் 5 ரகப் புராசஸர் முட்டி மோதினாலும் 90-க்குள். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, தேர் விளக்குகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 60. முந்நூறைத் தொடவில்லை. ஆனாலும் அந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்லித்தான் என்விடியா பரிந்துரைக்கிறது. அந்த இடைவெளியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, கிராஃபிக்ஸ் கார்டு சீராகச் சாப்பிடுகிற ஜீவன் அல்ல. நொடியில் சிறு துணுக்கு நேரத்துக்குச் சொன்னதைவிட மிக அதிகமாக வாரி விழுங்கும். எஸ்எம்பிஎஸ்களுக்கென 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரவரையறை இதற்காகவே, குறிப்பிட்ட திறனைப்போல் இரு மடங்கை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும் என்று எழுதிவைத்தது. இன்னொன்று, வாங்குகிறவர் எந்த 450-ஐ வாங்கித் தொலைப்பாரோ என்கிற பயம். பரிந்துரையில் அந்த பயமும் கலந்திருக்கிறது என்பது என் ஊகம்.

இங்கே எதிர்க்கட்சி எழுந்து, அப்படியானால் 1,000 வாட் வாங்கிவிட்டால் நிம்மதிதானே, நாளைக்குப் பெரிய கார்டு போடுவோம் என்னும். வளர்கிற பிள்ளைக்கு இரண்டு சைஸ் பெரிதாகச் சட்டை எடுக்கும் நம் மரபு இது. 575 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 5090 வாங்குகிற யோகம் உங்கள் ஜாதகத்தில் இருந்தால் 1,000 வாட் சரிதான். அந்தக் கார்டு விற்கிற விலைக்கு ஒரு நல்ல பழைய காரே வாங்கலாம், அதைப் பெட்ரோலில் ஓட்டலாம். மற்றவர்களுக்கு, அதே பணத்தில் மட்டமான 1,000-ஐவிடத் தரமான 650 மேல். இன்னொரு கட்சி, 1,000 வாட் போட்டால் ஈ.பி. பில் ஏறிவிடும் என்று பயப்படும். அந்த பயமும் வேண்டாம். எஸ்எம்பிஎஸ் என்பது குடம் அல்ல, குழாய். உள்ளே எவ்வளவு கேட்கிறார்களோ அவ்வளவுதான் சுவரிலிருந்து இழுக்கும்.

பில் என்றதும் தங்கம் வந்து நிற்கும். 2004-இல் தொடங்கிய 80 பிளஸ் என்ற சான்றிதழில் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், டைட்டானியம் என்று படிகள். எந்தக் கடைக்காரர் கோல்டு என்று சொன்னாலும் தமிழ் மனம் தானாகத் தலையாட்டும். செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்று மட்டும்தான் கேட்போம். உண்மையில் இந்தத் தங்கமே சேதாரக் கணக்குதான். உள்ளே போகும் மின்சாரத்தில் எவ்வளவு சூடாக வீணாகிறது என்பதைச் சொல்கிறது. பாதிச் சுமையில் வெண்கலம் சுமார் 85 சதவீதம், தங்கம் சுமார் 90 சதவீதம் தரும் என்று வைப்போம். 300 வாட் வேலைக்கு வித்தியாசம் 20 வாட். தினம் நான்கு மணி நேரம், ஈ.பி.க்காரர் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்துக்கு, ஐந்து யூனிட். யூனிட் 5 ரூபாய் என்றால் 25 ரூபாய். மீஞ்சூர் பஜாரில் ஓரிரு டீ. தவிர, அந்த மின்சாரம் பிறந்த நிலையத்திலேயே நிலக்கரிச் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் கரன்ட் ஆகிறது, மிச்சம் வானத்துக்கும் கடலுக்கும் தானம். அந்தத் தானத்துக்கு முன் நம் 20 வாட்டுக்கு என்ன மரியாதை? அதற்கும் மேலே, இந்தச் சான்றிதழ்ச் சோதனை நடப்பது 23 டிகிரி அறையில். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்தது. 23 டிகிரி என்பது இந்தப் பக்கத்தில் மார்கழி விடியற்காலையில் மட்டும் கிடைக்கும் சரக்கு. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: தங்க ரகத்தில் உள்ளே போடும் பாகங்களும் பெரும்பாலும் கொஞ்சம் உயர்ந்தவையாகவே இருக்கும். அதற்காக வாங்கலாம். மிச்சம் பிடிப்பதற்காக என்று வீட்டில் சொல்லிவிட்டு வாங்கக்கூடாது.

எல்லாவற்றையும்விட வலுவான ஆட்சேபம் இது: “கேபினட்டோட சும்மா வந்த எஸ்எம்பிஎஸ்ஸே நாலு வருஷமா ஓடுதே.” ஓடும். ஹெல்மெட் இல்லாமல் ஜி.என்.டி. ரோட்டில் நாலு வருஷம் போய்வந்தவரும் இருக்கிறார். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்குச் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். அதனால்தான் நல்லவற்றில் 85 டிகிரி ரகம் போடாமல் 105 டிகிரி ரகம் போடுகிறார்கள். மீஞ்சூர்க் காற்றில் கடல் உப்பு உண்டு, சாம்பல் தூசி உண்டு. எஸ்எம்பிஎஸ் ஃபேன் இரண்டையும் பாரபட்சமின்றி உள்ளே இழுத்துப் பலகைமேல் திருநீறுபோல் பூசும். ஆகவே எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் ஒருநாள் போகத்தான் போகிறது. கேள்வி எப்படிப் போகிறது என்பதுதான். அதிக வோல்டேஜ், அதிக கரன்ட், ஷார்ட் சர்க்யூட், அதிகச் சூடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காவல் வைத்த எஸ்எம்பிஎஸ் தன்னை அணைத்துக்கொண்டு கௌரவமாகத் தனியாகப் போகும். காவல் இல்லாதது போகும்போது மதர்போர்டையும் 30,000 ரூபாய்க் கார்டையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகும்.

கரன்ட் சிமிட்டலுக்குத்தான் யுபிஎஸ் இருக்கிறதே, இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். 600 விஏ யுபிஎஸ் என்பது பொதுவாக 360 வாட்தான். இங்கேயும் பெரிய எண்தான் டப்பாவின் முன்பக்கம். வீட்டு இன்வெர்ட்டரோ ஃபேனையும் லைட்டையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது. கரன்ட் போனதும் அது கைமாற்றிக்கொள்ள எடுக்கும் இடைவெளியில் ஃபேன் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், கம்ப்யூட்டருக்கு அந்தப் பொறுமை கிடையாது. நல்ல எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லி நொடி மூச்சடக்கி நிற்கும். நம் கரன்ட்டின் ஒரு சுற்று 20 மில்லி நொடி. கணக்கு அவ்வளவு நெருக்கம். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத அதைத் தள்ளிவைத்தால் மாற்றம் வேகமாகும். 2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணைமின் நிலையத்தில் தீப்பிடித்து சென்னையின் பெரும்பகுதி இருட்டானதே, அந்த மாதிரி நாளுக்கு எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் பதில் சொல்லாது. மொட்டைமாடியும் விசிறியும்தான்.

கடைசியாக ஒரு விஷயம், கடையில் எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காதது. கேபினட்டைத் தொட்டால் சுரீரென்கிறது என்று புகார் சொன்னால், “செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு தம்பி” என்பது நம் தேசிய வைத்தியம். உள்ளே இருக்கும் ஃபில்டரில் இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் ஃபேஸையும் நியூட்ரலையும் தகரத்தோடு கட்டிவைத்திருக்கின்றன. எர்த் இல்லாத வீட்டில் அந்தத் தகரம் பாதி வோல்டேஜில், ஏறக்குறைய 115-இல், மிதக்கும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்காது, கடிக்கும். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகினாலும் இதே கதிதான். அந்த வீட்டில் டைட்டானியமே போட்டாலும் கடிக்கத்தான் செய்யும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழி எடுக்க வேண்டும். குழியில் உப்பும் கரியும் அடுக்கடுக்காகக் கொட்டுவார்கள். உப்புக்கு அத்திப்பட்டு உப்பளம் கூப்பிடு தூரம். கரி, அடுப்புக் கரியாக இருக்க வேண்டும். காமராஜர் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக இறங்குவது வேறு ரகம், அதற்குப் பாய்லர்கள் காத்திருக்கின்றன. குழி காயாமல் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மீஞ்சூர் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. வாயில் வைக்க முடியாத அந்தத் தண்ணீர் எர்த் குழிக்கு அமிர்தம். குழியில் இறக்கிய குழாய் கொஞ்சம் சீக்கிரம் துருப்பிடிக்கும், அவ்வளவுதான்.