நோட்டு சார்

மகளுக்கு ஐந்து வயது முடிந்ததும் நான் முதலில் வாங்கியது அவளுக்குப் பை இல்லை, எனக்கு ஒரு நோட்டு. மதுரைக்கு வெளியே நாங்கள் குடியிருக்கும் பகுதியில், நடந்து போகிற தூரத்தில் மூன்று தொடக்கப் பள்ளிகள்: ஊராட்சி ஒன்றியத்தது ஒன்று, மாநகராட்சியது ஒன்று, அரசு உதவி பெறுவது ஒன்று. டீக்கடையில் பத்து வருஷமாக அரசுப் பள்ளிக்கு வக்காலத்து வாங்கியவன்தான் நான். சொந்தப் பிள்ளை என்றதும் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட உட்கார்ந்துவிட்டேன். கழிப்பறை, காம்பவுண்டு சுவர், குடிதண்ணீர், ஆசிரியர், சாப்பாடு.

ஒன்றியப் பள்ளிக்குப் போனது காலைச் சாப்பாட்டு நேரத்தில். தற்செயல் என்று வீட்டில் சொன்னேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கிவைத்தார்கள். அதனால் அங்கே போட்ட பொங்கலில் எனக்கும் ஏதோ பாத்தியதை இருப்பதாக ஒரு நினைப்பு. "சும்மா ருசி பார்க்கத்தான்" என்று வாங்கினேன். நன்றாகவே இருந்தது. உறுதி செய்துகொள்ள இன்னும் கொஞ்சம் கேட்டேன். சமைக்கிற அக்கா கரண்டியை எடுக்காமலே, "பிள்ளைக இன்னும் வரணும்ணே" என்றார். சாம்பாருக்கு அரை மதிப்பெண் குறைத்தேன்.

அங்கே 41 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். "அஞ்சு வகுப்புக்கு ரெண்டே பேரா?" என்று சிவப்பு மையில் வட்டம் போட்டேன். "அறுபது பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு பேர்தான் சார். 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு" என்றார் தலைமையாசிரியை. எனக்குத் தெரியாததா என்பதுபோல் தலையாட்டினேன். 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் பிள்ளைகளை நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்காரவைத்திருந்ததை, 'பூக்கள் பற்றிய பாடம் நடக்கிறது' என்று ஏற்கெனவே எழுதிவைத்திருந்தேன். நல்லவேளை, அவர் எட்டிப் பார்க்கவில்லை.

மாநகராட்சிப் பள்ளியில் நோட்டையும் சட்டைப்பையில் இரண்டு பேனாவையும் பார்த்தவர்கள், ஏதோ ஆபீசிலிருந்து வந்திருப்பதாக நினைத்துவிட்டார்கள். நாற்காலி வந்தது, டீ வந்தது, வருகைப் பதிவேடும் வந்தது. மறுத்துச் சொல்ல எனக்கு முழுதாக இருபது நிமிடம் இருந்தது. சொல்லவில்லை. பதிவேட்டைப் புரட்டி "ம்ம்" என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னபோதுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தவன் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பள்ளியின் கழிப்பறைக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது பள்ளிக்கு எனக்கு முன்னால் என் புகழ் போய்ச் சேர்ந்திருந்தது. தலைமையாசிரியர்கள் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வாங்க, நோட்டு சார்தானே? பொங்கல் இன்னிக்கு இல்ல" என்றார் அந்தப் பள்ளித் தலைமையாசிரியர்.

நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"பரவாயில்ல, உக்காருங்க. இப்பவே சேர்த்துடலாம். பிறப்புச் சான்றிதழ் இருக்கா?"

இல்லை.

"ஆதார்?"

இல்லை.

அவர் என் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "பாப்பா எங்க சார்?"

"வீட்டுல இருக்கா."

"எந்த ஸ்கூலையாவது அவ வந்து பார்த்தாளா?"

நான் மறுபடியும் போனை எடுத்துக் காதில் வைத்தேன்.