ஒயில் வாளி மேல் ஒரு கிளாக்கரையா

புளத்கொகுபிட்டியவில் ஒரு பழைய மொரிஸ் மைனரை ஜாக்கில் தூக்கினால் போதும், கிளாக்கரையா வந்துவிடுவார். ஆள் அனுப்பத் தேவையில்லை. தோட்டத்து ஒப்பீசில் செக்ரோல் எழுதி ஓய்வுபெற்றவர். கக்கத்தில் குடை, வாயில் வெற்றிலை. ஸ்பெனரைத் தொட்டதாக ஊரில் சாட்சி கிடையாது. இவர் ஒருவர்தான் இப்படி என்றும் இல்லை. கேகாலையிலிருந்து கரவனெல்லை வரைக்கும் ரோட்டோரக் கராஜ்களில் பார்த்துக்கொண்டே போங்கள்: கவிழ்த்துப் போட்ட ஒயில் வாளியின் மேல் யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்து, காருக்கடியில் படுத்திருக்கும் மெக்கானிக் பாஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பார்.

காருக்கடியில் நடப்பது இதுதான். பின்சக்கரத்து பிளேட் ஸ்பிரிங்கின் கண்ணுக்குள் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. அதற்குள் இரும்புக் குழாய், குழாய்க்குள் போல்ட். வருஷத்துக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இலங்கையின் ஈரவலயத்தில், அந்த மயிரிழை இடைவெளிக்குள் தண்ணீர் புகாமல் இருக்குமா? இரும்பு துருவானால் முன்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். குழாயும் போல்ட்டும் கடைசியில் ஒரே துண்டாகிவிடும். நட்டு கழன்றுவிடும், போல்ட்டும் சுற்றும். "வருது, வருது" என்று பாஸ் உற்சாகமாவார். சுற்றுவது ரப்பர், போல்ட் ஓர் அங்குலம்கூட வெளியே வந்திருக்காது.

"புடிச்சிருச்சு தம்பி" என்பார் கிளாக்கரையா, நாடி பார்த்த வைத்தியர் கணக்காக.

இந்த மனிதரைச் சும்மா அளக்கிறார் என்று தள்ளிவிடவும் முடியாது. அவர் சொல்வதெல்லாம் அநேகமாகச் சரி. "மொதல்ல கொஞ்சம் இறுக்குங்க, பெறகு கழட்டலாம்" என்பார். துருவின் பிடி உடைய அது நல்ல வழி. "நட்டை நுனியில மாட்டி வச்சிட்டு அடிங்க, இல்லாட்டி மரை செத்துரும்" என்பார், அதுவும் உண்மை. பாஸ் 14 ஸ்பெனரை நீட்டினால் குடை குறுக்கே வரும்: "அது இங்கிலீஷ் காரு. ஒன்பதின்கீழ் பதினாறு!" 9/16 அங்குலம் என்பது 14.29 மில்லிமீற்றர். 14 உள்ளே போகாது, 15 வழுக்கி நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். நிசான் சனிகளோடு வளர்ந்த இளம் பாஸ்மாருக்கு இந்தக் கணக்கு சட்டென்று வராது. WD-40 டின்னைக் கண்டால் தனிப் பிரசங்கம்: 1953இல் அமெரிக்காவில் அட்லஸ் ஏவுகணையின் தகடு துருப்பிடிக்காமல் இருக்கச் செய்த மருந்து, நாற்பதாவது தடவையில்தான் சரிவந்தது, அதனால்தான் அந்த 40. அதுவும் சரியே.

கோளாறு வேறு இடத்தில். ஒயில் ஊற்றினால் ஓர் இரவாவது ஊற வேண்டும். கிளாக்கரையாவுக்கோ ஒரு பிளேன்டீ ஆறும் நேரம்தான் பொறுமை. மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்வார், அது இறங்குவதற்குள் பிரேக் ஒயில், அதற்குள் சம்மட்டி. அப்புறம் காஸ் வெல்டிங்காரரைக் கூப்பிடச் சொல்வார். கூப்பிட்டால் போல்ட் சிவக்கும் முன்பே ரப்பர் பற்றிக்கொண்டு கரும்புகை கிளம்பும், பெற்றோல் டாங்கும் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு தடவை, பக்டரியில் ரப்பர் பாலை உறைய வைக்கும் போர்மிக் அசிட்டை ஊற்றிப் பார்த்தாலென்ன என்றும் கேட்டுவிட்டார். பாஸ் பதில் சொல்லவில்லை.

வேலை நின்றால் சரித்திரம் தொடங்கும். 1948இல் லண்டன் கண்காட்சியில் வந்த கார், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது, பிரிட்டனில் பத்து இலட்சத்தை முதலில் தொட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவைத் திறந்தார்கள். அந்த ஐந்து வருஷத்தில் கோழிக்கூட்டுப் பக்கம் கிடந்ததெல்லாம் மறுபடி ரோட்டுக்கு வந்தது என்பார். அதாவது துருப்பிடித்த போல்ட்டும் கூடவே வந்தது. அவருக்குக் கொண்டாட்டம்.

ஒரு தடவை இப்படித்தான், கடைசியில் பாஸ் ஹெக்சோ பிளேட்டை எடுத்து, புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இரு பக்கமும் அறுத்தார். ஒன்றரை மணித்தியாலம், மூன்று பிளேட். துண்டு கீழே விழுந்ததும் முதலில் குனிந்து எடுத்தவர் கிளாக்கரையாதான். அதை ஒரு பத்திரிகைத் தாளில் சுற்றி, "மாதிரி இல்லாம பஞ்சிகாவத்தையில ஒண்ணும் வாங்க ஏலாது" என்று மறுநாள் காலை கொழும்பு பஸ் ஏறினார். கார்க்காரத் தம்பி பஸ் காசு கொடுத்தான்.

பஞ்சிகாவத்தையில் மில்லிமீற்றர் போல்ட்டை நீட்டிய கடைக்காரருக்கு இங்கிலீஷ் மரை பற்றி அரைமணி நேரம் வகுப்பு எடுத்து, ஏழெட்டுக் கடை ஏறி இறங்கி, சரியான நீளத்தில், சரியான மரையில் புதுப் போல்ட்டோடு பொழுதுசாயத் திரும்பினார். பாஸ் வாங்கிப் பார்த்தார். குறை சொல்ல இடமில்லை.

"புஷ் எங்க ஐயா?"

கிளாக்கரையா குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். சுற்றிவரக் கண்ணுக்கு எட்டிய மலையெல்லாம் ரப்பர் மரம். மொரிஸ் மைனர் இன்னும் நான்கு நாள் ஜாக்கிலேயே நின்றது.