நியமன ஆணை இல்லாத சத்துணவு அமைப்பாளர்

அரசுப் பள்ளிச் சத்துணவு மையத்தில் மூன்று பணியிடங்கள் உண்டு: அமைப்பாளர், சமையலர், உதவியாளர். இப்போது நடுத்தரக் குடும்பங்களிலும் இத்தகைய மையங்கள் பெருகிவிட்டன. அமைப்பாளர் பதவியைக் குடும்பத் தலைவர் தாமாகவே ஏற்றுக்கொள்கிறார். மற்ற இரண்டையும் மனைவி கூடுதல் பொறுப்பாகக் கவனிக்கிறார்.

நம் அமைப்பாளரைக் கண்டுபிடிப்பது எளிது. சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட் அடுக்கின் முன்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்தை முகர்ந்து பார்ப்பதுபோல் படித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் யாராவது கைநீட்டினால் போச்சு. "சார், முன்னாடி பாருங்க, மல்ட்டி கிரெய்ன்னு கொட்டை எழுத்து. பின்னாடி பாருங்க, முதல் பேரே மைதா. எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும்னு சட்டம் சார்!" கைநீட்டியவர் பிஸ்கட்டோடு சேர்த்து அன்றைய மாலையையும் அங்கேயே வைத்துவிட்டுப் போவார்.

அவர் சொல்வதில் முக்கால்வாசி உண்மையாக இருப்பதுதான் குடும்பத்தாரின் துயரம். பொய் என்றால் சண்டையாவது போடலாம். 2024 ஏப்ரலில், இணைய விற்பனைத் தளங்கள் மால்ட் பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் வைக்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவுறுத்திய அன்று அவர் வீட்டில் கிட்டத்தட்டத் தீபாவளி. மகள் இரண்டு ஸ்பூன் போட்டுக் குடித்துவந்த பானத்தின் டப்பாவில் அன்றைக்கே மிளகாய்த்தூள் குடியேறியது.

2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு முடிந்துவிட்ட தகவல் அவருக்கு இன்னும் வந்துசேரவில்லை. திங்கள் வரகுப் பொங்கல், செவ்வாய் தினை உப்புமா, புதன் குதிரைவாலித் தயிர்சாதம் என்று அட்டவணை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்பட்டிருக்கிறது. விருந்தாளி இட்லியைத் தொட்டதும் புள்ளிவிவரம் வந்து இறங்கும். "நூறு கிராம் கேழ்வரகுல சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். வெள்ளை அரிசியில பத்துகூடத் தேறாது." விருந்தாளி இரண்டாவது இட்லியைக் குற்றவாளியின் முகத்தோடு சாப்பிடுவார். மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரத்துக்குக் காபியும் கிடையாது. கீரையின் இரும்புச்சத்தைக் காபி உடம்பில் ஏறவிடாதாம். இதுவும் உண்மைதான். என்ன செய்ய?

இந்த ஆட்சியில் எதிர்க்கட்சி ஒருவர்தான்: அமைப்பாளரின் தாயார். தர்மபுரிப் பக்கம் பிறந்து, விடிந்தால் களி, இருட்டினால் கூழ் என்று வளர்ந்தவர். அந்தக் காலத்தில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் மாப்பிள்ளை வந்தாலும்தான். மகன் பட்டணத்தில் வேலைக்குப் போன பிறகுதான் அவர் தட்டில் அரிசிச் சோறு நிரந்தரமாக வந்து உட்கார்ந்தது. இப்போது அதே மகன், பழுப்புக் காகிதப் பையில் சணல் கயிறு கட்டிய கேழ்வரகு மாவை வாங்கிவந்து, "அம்மா, இதோட அருமை உனக்குத் தெரியாதும்மா" என்று விளக்குகிறார்.

"ஏண்டா, இந்தக் களியிலிருந்து தப்பிக்கத்தானே உன்னைப் படிக்க வெச்சேன். என்ன விலைடா இது?"

விலையைச் சொன்னார். தாயார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்மூர் ரேஷன்ல அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ ராகி சும்மாவே குடுக்குறானாம்டா" என்றார். தர்மபுரியிலும் நீலகிரியிலும் 2023 முதல் அப்படி ஒரு திட்டம் நடப்பது அமைப்பாளருக்கும் தெரியும். ஆனால் அந்த ராகிக்குச் சணல் கயிறு கிடையாதே.

மகள் மூன்றாம் வகுப்பு. டிபன் டப்பாவில் முளைகட்டிய பச்சைப்பயறு போகும். திரும்பி வரும்போது டப்பாவின் மூலையில் எலுமிச்சைச் சாதத்தின் மஞ்சளும் ஒரு வேர்க்கடலைத் தோலும் ஒட்டியிருக்கும். பண்டமாற்று விகிதம் என்ன என்பதை அவள் இன்றுவரை வெளியிடவில்லை. அடுக்குமாடிக் காவலாளியின் பையன் படிப்பது அரசுப் பள்ளி. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் அவனுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே சாம்பார். மதியம் சத்துணவில் அவித்த முட்டை. இதைக் கேட்டறிந்த மகள் ஒருநாள் இரவு மனு கொடுத்தாள்: "அப்பா, என்னையும் அந்த ஸ்கூல்ல சேத்து விடுப்பா."

மகளின் எடை ஆறு மாதமாக ஏறவில்லை என்று குழந்தை மருத்துவரிடம் போனார்கள். அட்டவணை முழுவதையும் பொறுமையாகக் கேட்ட மருத்துவர், "சின்ன வயிறு சார். எல்லா வேளையும் நார்ச்சத்தாலயே நிரப்பிட்டா மத்ததுக்கு இடம் எங்க? முட்டை, பருப்பு, சோத்துல ஒரு ஸ்பூன் நெய் குடுங்க. இனிப்பைக் குறைங்க" என்றார்.

"நாங்க வெள்ளைச் சர்க்கரையே தொடறதில்ல டாக்டர். நாட்டுச் சர்க்கரையும் தேனும்தான்."

"வயித்துக்குள்ள போனா எல்லாம் சொந்தக்காரங்கதான் சார். உலக சுகாதார நிறுவனமே தேனையும் சேத்துத்தான் கணக்குப் பண்ணுது."

வெளியே வந்த அமைப்பாளர் மனைவியிடம், "இங்கிலீஷ் டாக்டர்ல, அப்படித்தான் சொல்வாங்க" என்றார். மறுநாளே நாட்டுச் சர்க்கரை நீக்கப்பட்டுப் பனங்கற்கண்டு நியமிக்கப்பட்டது. நெய்யும் முட்டையும் பரிசீலனையில் வைக்கப்பட்டன.

பரிசீலனை இரண்டு வாரம் நீண்டதும் சமையலர் காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவித்தார். "ஏங்க, இந்த வாரம் அட்டவணையும் நீங்களே, அடுப்பும் நீங்களே." தாயார் வெளியிலிருந்து ஆதரவு. முதல் நாள் கிண்டிய களியில் கட்டிகள் தனியே, தண்ணீர் தனியே நின்றன. மூன்றாம் நாள் பேச்சுவார்த்தை. முட்டையும் நெய்யும் உடனடி அமல். பாட்டிக்கு தினமும் அரிசிச் சோறு. மதியக் காபி மீதான தடை நீக்கம். அமைப்பாளர் பதவி தொடரலாம்; ஆனால் காய் நறுக்கும் வேலை இனி அமைப்பாளருக்கே.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி தட்டில் பாதி காயும் பழமும் இருக்க வேண்டும் என்பது அவரே கொண்டுவந்த சட்டம். வாரம் இருமுறை வாழைப்பூ என்பதும் அவர் எழுதியதே. அந்த ஞாயிற்றுக்கிழமை தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். மடலை உரித்து, உள்ளே சீப்புச் சீப்பாக இருந்த பூக்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் விறைத்து நிற்கும் கள்ளனைக் கிள்ளி, அடியில் கண்ணாடிபோல் ஒட்டியிருந்த செதிலையும் பிய்த்து மோரில் போட்டார். ஒரு மணி நேரம் ஆனது. விரல் பத்தும் கறுத்துப்போயின. பாதிப் பூ மீதம் இருந்தது.

மறுநாள் காலை ஃபிரிட்ஜ் கதவில் திருத்தப்பட்ட அட்டவணை தொங்கியது. வாழைப்பூவை மாதம் ஒருமுறை சேர்த்துக்கொண்டாலே உடம்புக்குத் தாராளமாகப் போதுமாம்.