0.98 ஜூல் வீரர்

ஜப்பானில் சாதாரணக் குடிமகன் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. நம் கதாநாயகர் வைத்திருக்கிறார். ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு சுடுகிற ஏர்சாஃப்ட் பிஸ்டல். அதைப் பொம்மை என்று மட்டும் அவர் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். "கேஸ் ப்ளோபேக்" என்று திருத்துவார். திருத்துவதோடு விடமாட்டார், கழற்றியும் காட்டுவார்.

ஆளைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். டோக்கியோவில் ஏதோ ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் நடுத்தர அதிகாரி. ரயிலில் யாராவது அவர் காலை மிதித்தால் அவரே மன்னிப்புக் கேட்பார். ஆனால் சனிக்கிழமை பிற்பகல் அகிஹபாராவில் ஒரு கடையின் கண்ணாடி அலமாரி முன்னால் நிற்கும்போது பாருங்கள். நகைக்கடையில் கூட அவர் மனைவி அத்தனை நேரம் நின்றதில்லை. உள்ளே இருப்பது விரல் நக அளவு ஒரு ரப்பர். ஹாப்-அப் ரப்பர் என்பார்கள். குண்டின் மேல்பக்கத்தை லேசாக உரசி அதைப் பின்னோக்கிச் சுழல வைக்கும், சுழலும் குண்டு தரையை நோக்கி விழாமல் இன்னும் கொஞ்ச தூரம் மிதந்து போகும். இவரிடம் அந்த ரப்பர் ஏற்கெனவே நான்கு இருக்கிறது. ஐந்தாவது வேறு கடினத்தன்மை.

இதெல்லாம் எங்கே தொடங்கியது? டோக்கியோ மருய் கம்பெனியின் ஹை-கபா 5.1 பிஸ்டலைப் பெட்டியோடு வாங்கியதில். மேகசினில் 31 குண்டு, அதே மேகசினுக்குள் கேஸும். விசையை அழுத்தினால் சுத்தி போய் வால்வைத் தட்டும். கேஸ் முதலில் குண்டை முன்னே தள்ளும், மிச்சத்தைக் கொண்டு பிஸ்டலின் நகரும் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னே தள்ளும். அந்த 'சடக்' கையில் இறங்கியதும் அவர் முகத்தில் பரம திருப்தி. வாங்கிய பிஸ்டலிலிருந்து அவருக்குக் கிடைத்த முதலும் கடைசியுமான திருப்தி அது. அன்று இரவே யாரோ சொல்லிவிட்டார்கள்: "உள்குழல் 6.08 மில்லிமீட்டராமே? 6.01 போட்டால் குறி சுத்தமாக இருக்கும்." ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஏழு பங்கு. மனிதர் தூங்கவில்லை.

இங்கே ஜப்பானியச் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இவருடைய பெருமை விளங்காது. 2006-இல் திருத்திய சட்டப்படி இந்தக் குண்டின் ஆற்றல் சுமார் 0.98 ஜூலைத் தாண்டக் கூடாது. அதாவது 0.2 கிராம் குண்டு வினாடிக்கு 99 மீட்டர். தாண்டினால் அது பொம்மை இல்லை, வைத்திருப்பதே குற்றம். அதற்கும் முன்னால், 1971-லேயே, உலோகத்தில் செய்த கைத்துப்பாக்கி மாதிரி என்றால் குழலை அடைத்து, வெள்ளையோ மஞ்சளோ பூச வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஆகவே வேகத்தைக் கூட்ட முடியாது, அலுமினிய ஸ்லைடு போட முடியாது. தைவானிலும் ஹாங்காங்கிலும் தயாராகிற அலுமினிய கன்வர்ஷன் கிட்டுகளைப் படத்தில் பார்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். வேண்டுமானால் உலோகத் தூள் கலந்த கனமான பிளாஸ்டிக் ஸ்லைடு வாங்கலாம். வாங்கினார்.

துப்பாக்கி என்றால் வலிமை என்று நினைக்கிற நாம் இங்கேதான் தோற்றுப்போகிறோம். வலிமை ஒரு இம்மி கூடக் கூடாது என்று சட்டம் கட்டிப்போட்ட பிறகு, மனிதர் பிஸ்டலின் விலையைப் போல ஐந்து மடங்கு செலவழித்து, அது முன்பு சுட்ட அதே வேகத்தில் சுடும்படி பார்த்துக்கொள்கிறார். இது விளையாட்டில்லை, ஒருவகைத் தவம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கன ஸ்லைடு வந்தது, பழைய ஸ்பிரிங் அதைத் தள்ளத் திணறியது. ஸ்பிரிங்கை விறைப்பாக மாற்றினார். இப்போது கேஸ் போதவில்லை, கடைசிக் குண்டு போனதும் ஸ்லைடு பின்னால் நிற்க மறுத்தது. அதிகம் கேஸ் விடுகிற வால்வு போட்டார். அந்த வால்வைத் தட்டப் பழைய சுத்திக்குத் தெம்பு இல்லை, எஃகுச் சுத்தி வந்தது. எஃகு வந்து மோத மோத, பக்கத்திலிருந்த மென்மையான உறுப்புகள் தேயத் தொடங்கின. எல்லாம் முடிந்தபோது ஒரு மேகசின் கேஸில் 31 குண்டும் போகவில்லை, இருபதைத் தாண்டுவதே பெரும்பாடு. எடையைக் குறைத்தால் சரியாகும் என்றார் கடைக்காரர். ஆகவே அடுத்த மாதம் கன ஸ்லைடைக் கழற்றிவிட்டு, துளை போட்ட லேசான ஸ்லைடு வாங்கினார்.

"போன வருஷம் வாங்கினதுதானே இது?" என்று மனைவி கேட்டார்.

"அதேதாம்மா."

பொய் இல்லை. அடிச்சட்டம் அதேதான். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வீட்டுப் பக்கத்துக் கன்வீனியன்ஸ் கடைக்குப் பார்சலில் வந்து, அலுவலகப் பையில் ஒளிந்து, வீடு சேர்ந்தவை.

பிரிக்கிற வைபவம் சாப்பாட்டு மேசையில் நடக்கும். எந்த பிஸ்டலிலும் அரிசி அளவு ஸ்பிரிங் ஒன்று இருக்கும், அது பறப்பதற்கென்றே பிறந்தது. 'டிக்' என்ற சத்தம், பிறகு நிசப்தம், பிறகு குடும்பமே தரையில் நாலு காலில். பிஸ்டலின் கீழே மாட்ட விலையுயர்ந்த டார்ச் ஒன்று வாங்கி வைத்திருந்தார், எதிரியின் கண்ணைக் கூசவைக்க. அது இன்றுவரை தேடிப் பிடித்த ஒரே எதிரி, சோபாவுக்கு அடியில் கிடந்த அந்த ஸ்பிரிங்தான்.

வேகம் அளக்கும் கருவியும் வீட்டில் உண்டு. கார் ஏசியில் ஓடிய அதே 134ஏ கேஸ் என்பதால், வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும். ஆகஸ்டில் எண் 96, 97 என்று ஏறும்போது அவர் முகம் வெளுத்து, ஓடிப்போய் ஏசியைப் போடுவார். குளிர்காலத்தில் நிலைமை நேரெதிர். ஸ்லைடு கொட்டாவி விடுவதுபோல மெல்லத் திறந்து மூடும். அப்போது மேகசினைக் கைசூட்டுப் பொட்டலத்தோடு சேர்த்துச் சட்டைக்குள் வைத்து அடைகாப்பார். ஆக, ஆகஸ்டில் குற்றவாளி ஆகிவிடுவோமோ என்ற பயம், ஜனவரியில் குண்டு காகிதத்தையாவது துளைக்குமா என்ற பயம். நிம்மதியாக இருப்பது ஏப்ரலிலும் அக்டோபரிலும். அந்த மாதங்களில் பிஸ்டல் பிரித்துப் போட்டபடி கிடக்கும்.

பிறகு கார்பைன் கிட். பிஸ்டலை அப்படியே உள்ளே செருகினால், தோளில் கட்டை, முன்னால் பிடி, மேலே துணைக்கருவி மாட்டும் தண்டவாளம் எல்லாம் சேர்ந்து சின்ன ரைஃபிளாக மாறிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். தண்டவாளம் வெறுமையாக இருந்தால் கண் உறுத்தும், ஆகவே சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி. குழல் முனை மொட்டையாக இருக்கிறதே, ஆகவே சைலன்சர் மாதிரி ஒரு டப்பா. உள்ளே விளக்கு உண்டு, ஒளிரும் குண்டுகளைக் கடக்கும்போதே பளிச்சென்று ஒளியேற்றி இருட்டில் பச்சைக் கோடாகப் பறக்கவிடும். அந்த முனையின் 14 மில்லிமீட்டர் மரை இடப்பக்கம் திரும்புவது. முதல் நாள் வழக்கம்போல வலப்பக்கம் திருகி, அரைமணி நேரம் தன்னையே சபித்துக்கொண்டார்.

கழற்றிய பழைய பாகங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. ஒரு நாள் அதைக் கிளறியபோது கணக்குப் பிரிவு மூளை விழித்துக்கொண்டது. டப்பாவுக்குள் அடிச்சட்டம் தவிர ஒரு முழு பிஸ்டல்! அடிச்சட்டம் மட்டும் வாங்கினால் ஒரு துப்பாக்கி கிட்டத்தட்ட இலவசம். இப்படிச் சேமித்ததில் இப்போது இரண்டு இருக்கின்றன. இரண்டாவதற்கும் கார்பைன் கிட் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு சிபாவில் உள்ள காட்டு மைதானத்துக்குச் சண்டை விளையாடப் போவார். நுழைவாயிலில் ஒவ்வொருவரின் துப்பாக்கியையும் வேகம் அளப்பார்கள். நம்மவர் அங்கே பாஸ்போர்ட் காட்டுகிற பவ்யத்தோடு நிற்பார். 88 என்று வந்ததும் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருக்கும். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் எங்கிருந்தோ ஒரு குண்டு முதுகில் படும். பட்டதை அவரவரே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது இந்த விளையாட்டின் தர்மம். "ஹிட்!" என்று கையைத் தூக்கிக்கொண்டு, யாரும் கேட்பதற்கு முன்பே வெளியேறும் கண்ணியவான் அவர். ஒரு குண்டும் சுட்டிருக்கமாட்டார்.

மதியம் மைதானத்தில் கறி சோறு. மேசைமேல் துணி விரித்து அதில் பிஸ்டலைக் கிடத்தியிருப்பார். நாலு பேர் வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு முறை, அன்று காலை அவர் முதுகில் சுட்ட பையனும் வந்தான், வாடகைத் துப்பாக்கியோடு முதல்முறை வந்த கல்லூரி மாணவன்.

"பிரமாதமா இருக்கு சார். நல்லா சுடுமா?"

அவர் கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"இப்போதைக்குச் சுட வேண்டாம்னு வெச்சிருக்கேன் தம்பி. வியாழக்கிழமை புது விசை வருது."