உதைவிடப் பெரிசு

யாழ்ப்பாணத்தில் எந்தக் குடும்பத்தைப் பிடித்து உலுக்கினாலும் ஒரு பெரியையா விழுவார். எங்கள் பெரியையாவுக்கு எண்பதைத் தொட இன்னும் இரண்டு மாரி இருக்கிறது. பழம்பொருள் என்றால் உயிர். ஆனால் வாயைப் பிளந்து வியக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிற்பார். கறவை மாடு வாங்கப் போனவர் சுற்றிச் சுற்றி வந்து மடியையும் பல்லையும் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்ப்பார். பிறகு தீர்ப்பு வரும்.

"உது எங்கடை வீட்டிலையும் இருந்தது. உதைவிடப் பெரிசு."

இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டே மனிதர் உலகத்து அருங்காட்சியகங்களைச் சமாளித்துவிட்டார். ஒழுங்கைச் சிறுவர்கள் அவருக்கு 'இருந்தது அப்பு' என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். அவருக்கும் தெரியும், கோபமில்லை. "இல்லாதவனுக்கு உந்தப் பட்டம் வைக்கேலுமோ?" என்பார்.

நல்லூரில் நாவலர் வீதியில், நாவலர் கலாசார மண்டபத்துக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கிறது தொல்பொருள் அருங்காட்சியகம். தெரியாதவர்கள் மண்டபத்தோடு திரும்பிவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் யாராவது வந்தால் பெரியையா அவர்களை முதலில் கூட்டிக்கொண்டு போவது அங்கேதான். கோயிலுக்குக்கூடப் பிறகுதான். கோயிலில் பேச ஏலாதே.

வெளியில் துருப்பிடித்த பீரங்கிகள். கனடாவிலிருந்து வந்த பேரப்பெடியன் ஒருவன் குறும்பாகக் கேட்டான்: "அப்பப்பா, இதுவும் உங்கட வீட்டில இருந்ததா?"

"பீரங்கி இருக்கேல்லை ராசா. குண்டு மட்டும்தான் வந்தது."

பெடியன் சிரித்தான். தகப்பன் சிரிக்கவில்லை. பெரியையா அதற்குள் திமிங்கிலத்தின் எலும்புக்குப் போய்விட்டார். இதற்காவது வாய் மூடுவார் என்று நான் காத்திருந்தேன். ஒரு நிமிடம் யோசித்தார். "வீட்டிலை இருக்கேல்லைத்தான். ஆனா என்ரை அப்புவின்ரை காலத்திலை பருத்தித்துறைக் கரையிலை ஒண்டு ஒதுங்கினது. அப்பு போய்ப் பாத்தவர். உதைவிடப் பெரிசு."

உள்ளே ஏழு வாய் உள்ள ஒரு பானை இருக்கிறது. அந்தக் காலத்து இசைக் கருவி. அதன் முன்னால்தான் அவருடைய கலை விமர்சனம் உச்சத்துக்குப் போகும். "ஏழு வாய். ஒரு காது இல்லை. எல்லா வாயும் ஒரே நேரத்திலை சத்தம் போடும். எங்கடை கோயில் பரிபாலன சபைக் கூட்டத்தை எந்தக் குயவனோ அப்பவே நேரிலை பாத்திருக்கிறான்." பக்கத்தில் நின்றவர் வேறொரு கோயிலின் சபைத் தலைவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்தான் அதிகம் சிரித்தார். தன் சபையை நினைத்திருப்பார்.

தவம் செய்தவர்கள் போட்ட ஆணிப் பாதக்குறடு ஒன்றும் உண்டு. காலை வைக்கிற இடமெல்லாம் ஆணி முனை. வந்தவர்கள் பயபக்தியோடு பார்ப்பார்கள். "உதென்ன பெரிய தவம்? உதைப் போட்டுக்கொண்டு காணி உறுதிக்கு ஒரு கையெழுத்து வாங்கக் கந்தோருக்குப் போகச் சொல்லு. மூண்டாம் நாள் ஆணி தேஞ்சிடும்."

விக்டோரியா மகாராணியின் ஓவியத்துக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் மரியாதை. 1837 முதல் 1901 வரை ஆண்ட மனுசி. பெரியையாவுக்கு ஆண்ட கணக்கில் அக்கறையில்லை, முகத்தில்தான் அக்கறை. "என்ரை மாமியார் சீதனக் காசை எண்ணேக்கை உப்பிடித்தான் பாத்தவ," என்று மெல்லச் சொல்லிவிட்டு, பெரியம்மா எங்கே நிற்கிறா என்று திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

கந்தரோடைச் சிலைகளிடம் வந்தால் கதை காணிப் பக்கம் திரும்பிவிடும். சிவில் சேவை உத்தியோகத்தர் பால் ஈ. பீரிஸ் 1917இல் கந்தரோடையில் ஆராய்ச்சி தொடங்கியவர். இன்றைக்கும் அங்கே சின்னச் சின்னத் தூபிகள் குந்தியிருப்பதைப் பார்க்கலாம். வரலாற்றாசிரியர்கள் அவற்றை வைத்து எவ்வளவோ சண்டை பிடித்துவிட்டார்கள். பெரியையாவின் வழக்கு வேறு. அவருடைய பாட்டன் வழிக் காணி அங்கே பக்கத்தில் என்பது அவருடைய வாதம். "பீரிஸ் துரை நாலு முழம் தள்ளிக் கிண்டியிருந்தா எங்கடை காணி. சரித்திரம் வேலிக்கு அங்காலை நிண்டுபோச்சு." யாழ்ப்பாணத்தான் சரித்திரத்தைக்கூட வேலி வைத்துத்தான் அளப்பான். இதில் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஒருமுறை லண்டனில் மகளிடம் போனவரைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொண்டுபோய் ரொசெட்டாக் கல்லின் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். கிறிஸ்துவுக்கு முன் 196இல் வெட்டிய ஒரே அரசாணை, மூன்று எழுத்துகளில். அதை வைத்துத்தான் எகிப்தியரின் சித்திர எழுத்தை வாசித்தார்கள் என்று மகள் விளக்கியிருக்கிறாள். பெரியையா தலையாட்டிவிட்டுச் சொன்னாராம்: "ஒரு விசயத்தை மூண்டு எழுத்திலை வெட்டி வைச்சிருக்கிறான். எங்கடை நாட்டு றோட்டுப் போட்டிலையும் மூண்டு எழுத்து. ஆனா மூண்டும் மூண்டு விசயம் சொல்லும்." அங்கேயும் முத்திரை வசனத்தை விடவில்லை. "கல்லு நல்ல கல்லு. எங்கடை கோயில் மடைப்பள்ளி அம்மி உதைவிடப் பெரிசு."

ஆனால் சிலை, ஓவியம், கல்வெட்டு எல்லாம் அவருக்குத் தொட்டுக்கொள்ளத்தான். சோறு என்பது தளபாடம். மரச்சாமான் என்று வந்தால் மனிதருக்கு ஆவேசம் வந்துவிடும்.

கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் கண்டி அரசரின் சிம்மாசனம் இருக்கிறது. 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. 1815இல் கண்டி விழுந்ததும் ஆங்கிலேயர் அதைக் கப்பலேற்றி விண்ட்சர் கோட்டையில் கொண்டுபோய் வைத்தார்கள். 1934இல் திருப்பித் தந்தார்கள். பெரியையா அதன் முன்னால் அரைமணி நேரம் நின்றார். பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு கூட்டம் வந்து போய்விட்டது.

"வடிவுதான். ஆனா முதுகு நட்டுக்கு நேரை நிக்குது. உதிலை இருந்து பத்து நிமிசம் பேப்பர் வாசிக்கேலாது. மத்தியானம் கண்ணயரேலாது. நித்திரை இல்லாத ராசா எப்பிடி யோசிப்பான்? அதுதான் ராச்சியம் போனது."

பிறகு விரல் விட்டு எண்ணினார். "119 வருசம் வைச்சிருந்தாலும் வெள்ளைக்காரன் கொண்டுவந்து தந்தவன். தங்கடை வீட்டுக் கலியாணத்துக்கு எங்களிட்டை இரவல் வாங்கின வாங்கை முன்வீட்டுக்காரர் இன்னும் தரேல்லை." வாங்கிக்கொண்டு போனவர் செத்து, மகனும் செத்து, இப்போது பேரன் அதில் இருந்து வீடியோ பார்க்கிறான். பெரியையா விண்ட்சர் கணக்கைச் சொல்லிக் காத்திருக்கிறார்.

அந்த 1815 அவருக்கு வேறொரு தலையிடி. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2க்கு முந்தியதுதான் தொல்பொருள். கண்டி ஒப்பந்தம் எழுதிய நாள் அது. அதற்கு முதல்நாள் முடித்த கதிரை நாட்டின் சொத்து, அடுத்தநாள் முடித்தது வெறும் கதிரை. பெரியையாவின் சாய்மனைக் கதிரை அவருடைய பூட்டனின் காலத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் எப்படியும் 1870க்கு முன்னால் போகாது. அவர் விடமாட்டார். "தச்சாசாரி பெப்ரவரியிலை தொடங்கினவர் மோனை. மழையாலை கொஞ்சம் பிந்திப்போச்சு."

சாய்மனைக் கதிரையைத் தெரியாதவர்களுக்கு: முதிரையில் செய்த படுக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள், எழும்ப மனமில்லாதவனுக்காக யாரோ கருணையோடு செய்தது. கைப்பிடிகளுக்கு அடியில் இன்னும் இரண்டு சட்டங்கள் ஒளிந்திருக்கும். அவற்றை முன்னுக்குத் திருப்பி, காலைத் தூக்கி ஆளுக்கொரு பக்கம் போட்டுவிட்டால் தேவேந்திரன் கெட்டான். இறங்குவதுதான் சிக்கல். அந்த நேரத்தில் விருந்தினர் வந்தால் மரியாதைக்கு எழும்பவும் ஏலாது, காலை மடக்கவும் ஏலாது. கவிழ்ந்த ஆமைபோலக் கையைக் காலை அடித்துக்கொண்டு "வாருங்கோ, வாருங்கோ" என்று சொல்ல வேண்டியதுதான். பிரம்புப் பின்னல் அறுந்த இடத்தில் பெரியையா பச்சை நிறப் பிளாஸ்டிக் வயரால் பின்னி வைத்திருக்கிறார். பழம்பொருள் பித்தர் ஒருவர் அதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் பெரியையா கட்சி. கதிரை முதலில் இருக்க விட வேண்டும், பிறகுதான் பழமை.

கதிரை என்ற சொல்லே அந்தக் கதிரையைவிடப் பழையது என்பது அவருக்குத் தெரியும். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து 1658இல் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். 39 வருசம்தான் இருந்தார்கள். ஆனால் இருக்கிற கதிரை, வாங்கு, மேசை, அலுமாரி என்று அந்த மொழிச் சொற்களால் எங்கள் விறாந்தையை நிரப்பிவிட்டல்லவா போனார்கள். பின்னால் வந்த ஒல்லாந்தர் 137 வருசம் இருந்து மேசைக்கு ஒரு லாச்சி, லாச்சியை வைக்க ஒரு கந்தோர், அவசரத்துக்கு ஒரு கக்கூசு என்று அளந்து கொடுத்தார்கள். வியாபாரிகள், வேறென்ன செய்வார்கள்? தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் "நாற்காலி என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறதே ஐயா" என்று பணிவாகச் சொன்னார். பெரியையா கோபிக்கவில்லை. "எங்கடை வீட்டிலை ஒண்டுக்கு மூண்டு கால்தான் மிச்சம். அதுக்கு என்ன பேர் வைக்கலாம்?"

அந்த மூன்று கால் கதிரைக்கும் கதை உண்டு. 1995 ஒக்ரோபர் 30. போருக்குத் தப்பி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை வேறு. மற்றவர்கள் அரிசியும் உறுதிப் பெட்டியும் கட்டிக்கொண்டு போக, பெரியையா சைக்கிள் கரியரில் இந்தக் கதிரையைத் தலைகீழாகக் கட்டினார். பெரியம்மா திட்டின திட்டு இன்னும் ஒழுங்கையில் பேச்சு. நாவற்குழிப் பாலத்தில் சனம் நெரிந்து, ஓர் அடி நகர ஒரு மணித்தியாலம். பெரியையா கதிரையை இறக்கி வைத்தார். ஆச்சியைக் கூப்பிட்டு இருத்தினார். பிறகு முன்பின் தெரியாத பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, பிறகொரு கிழவர். விடியும்வரை முறைவைத்து இருந்தார்களாம். கால் உடைந்தது அந்தப் பாலத்தில்தான். பெரியம்மா அதற்குப் பிறகு அந்தக் கதிரையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

2020இல் அதே நாவற்குழியில் சிவபூமி அரும்பொருள் காட்சியகம் திறந்தபோது பெரியையா முதல் கிழமையே போனார். அந்த மூன்று காலைக் கொடுக்கலாமே என்று கேட்டேன். "கண்ணாடிக்குள்ளை வைச்சா ஒருத்தரும் இருக்கேலாது," என்றார்.

சைக்கிளில் ஏற்ற முடியாமல் விட்டுப்போனது பெட்டகம். ஆளுயர நீளம், அடியில் நாலு சில்லு. உள்ளே பித்தளைச் சாமானும் கூறைச் சேலைகளும். மேலே பாய் விரித்து அவருடைய அப்பு படுப்பார். எட்டு வயதில் பேனாக்கத்தியால் அதன் பின்பலகையில் தன் பெயரின் முதலெழுத்தை வெட்டி, அதற்கு வாங்கிய அடியை இன்றைக்கும் இடம் காட்டுவார். அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தபோது, பெட்டகம் நின்ற இடத்தில் சீமெந்தில் நாலு தழும்பு மட்டும் இருந்தது.

போன ஆவணியில், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த உறவினர் ஒருவரைப் பார்க்க ஒரு விடுதிக்குப் போனோம். பழைய வீடொன்றை வாங்கி, பழைய சாமான்களால் அலங்கரித்த இடம். சுவரில் சுளகு மாட்டியிருந்தது. உரலுக்குள் குரோட்டன் செடி. பெரியையா உற்சாகமாகிவிட்டார். உரலைப் பார்த்தார், "உதைவிடப் பெரிசு." விளக்கைப் பார்த்தார், "உதைவிடப் பெரிசு." வரவேற்பு மேசைக்கு வந்தார்.

அது மேசை இல்லை, பெட்டகம். மேலே மடிக்கணினியும் மணியும் இருந்தன. பின்னால் ஒரு பிள்ளை நின்று யாருக்கோ அறை எழுதிக்கொண்டிருந்தாள்.

பெரியையா பக்கவாட்டில் போனார். செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிவதுபோலக் குனிந்தார். அவர் போட்டிருந்தது வாரில்லாத றபர்ச் செருப்பு. பின்பலகையின் ஓரமாக உள்ளங்கையை வைத்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெல்ல இழுத்தார். நடுவில் ஓரிடத்தில் கை நின்றதுபோல எனக்குப் பட்டது. நான் சுளகைப் பார்த்துக்கொண்டேன்.

"அன்ரிக் ஐயா," என்றாள் அந்தப் பிள்ளை, நல்ல சிரிப்போடு. "இதுமாதிரி உங்கட வீட்டிலயும் முந்தி இருந்திருக்குமே?"

பெரியையா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எங்கடை வீட்டிலையோ? இல்லைப் பிள்ளை." சால்வையால் முகத்தைத் துடைத்தார். "ஒரு தேத்தண்ணி போடுவியளே? சீனி குறைச்சு."