கணக்குப்பிள்ளை மிஸியான கதை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஒரு கடையில் பதின்மூன்று வருசம் கணக்கெழுதினேன். பற்றும் வரவும் ஒத்து வந்தாலும் முதலாளியும் நானும் ஒத்து வரவில்லை. அந்த நேரம் பார்த்து அப்பா கிணற்றடியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்தார். வார்டில் அவரை வலிக்காமல் புரட்டிப் படுக்க வைத்த தாதியரைப் பார்த்து வந்த அன்றிரவே அறிவித்தேன்: "நான் நேர்ஸிங் படிக்கப் போறன்."

அம்மா சுளகைக் கீழே வைத்தார். "முப்பத்தேழு வயசிலை, ஆம்பிளை மிஸியோ?"

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். சேர் பொன். இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் 1974இல் ஆரம்பித்தது. அங்கே தாதியியல் பட்டப்படிப்பு உண்டு, கட்டணம் இல்லை. ஆனால் உயர்தரத்தில் உயிரியல் வேண்டும், இசட் புள்ளியும் வேண்டும். நான் வர்த்தகப் பிரிவு. அந்த மதிலோரம் பிளேன்ரீ குடிக்கத்தான் எனக்குத் தகைமை.

அடுத்தது அரசாங்கத் தாதியர் பயிற்சி. மூன்று வருசப் படிப்பு. படிக்கிறவருக்கே மாதாமாதம் கொடுப்பனவு! கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வர்த்தமானியை வாசித்தேன். வயதெல்லை 28. கண்ணாடியைத் தேடும்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இலவசப் படிப்புக்கு வாசல் ஒடுக்கம். காசுப் படிப்புக்கோ படலையே இல்லாத வளவு. ஒரு தனியார் நிலையத்தில் உயிரியல் கேட்கவில்லை, வயதும் கேட்கவில்லை. முதல் தவணை மட்டும் கேட்டார்கள். மொத்தத் தொகையைப் பார்த்ததும் என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன். அதுதான் என் முதல் செய்முறைப் பயிற்சி.

"தங்கச்சி, இந்தச் சேர்ட்டிபிக்கற்றோடை தாதியர் பேரவையிலை பதியலாமோ?"

அந்தப் பிள்ளை ஏசியின் ரிமோட்டைத் தேடத் தொடங்கியது. பேரவைச் சட்டம் 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். கணக்குப்பிள்ளைக்கு இலக்கங்கள் மறக்காது. பதிவில்லாத படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்டினால் அது எந்தப் பக்கம் எழுதவேண்டிய தொகை என்றும் தெரியும்.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மாமி போனில் வந்தார். "காசைப் பற்றி யோசிக்காதை, மருமோன்." அவர் யோசிக்கவேயில்லை என்பது பிறகு தெரிந்தது.

கடைசியில் தேசிய தொழிற்தகைமை நான்காம் மட்டத்தில், நோயாளர் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தேன். தாதி என்ற பெயர் கிடைக்காது. கையில் ஒரு தொழில் கிடைக்கும். படிப்பு தமிழில்தான். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்துவிட்டுப் போனதால், விளங்கவில்லை என்று சாட்டுச் சொல்லவும் வழியில்லை.

முதல் வாரப் பாடம், ஆள் படுத்திருக்கும்போதே கட்டில் விரிப்பை மாற்றுவது. ஆளை ஒரு பக்கம் ஒருக்களிக்க வைத்து, பழைய விரிப்பை முதுகோரம் சுருட்டி, புதியதை அதன் பின்னால் பாதி விரித்து மிச்சத்தைச் சுருட்டி வைத்து, பிறகு ஆளை இரண்டு சுருளுக்கும் மேலாக மறுபக்கம் புரட்டி இழுக்க வேண்டும். சுருக்கம் விழுந்தால் படுக்கைப்புண்ணுக்கு அழைப்பிதழ். வீட்டில் அப்பாவை வைத்துப் பழகினேன். முதல் தரம் பழைய விரிப்போடு அவருடைய சாரமும் வந்துவிட்டது. இரண்டாம் தரம், வியர்க்க விறுவிறுக்க, எல்லாம் சரி என்று நிமிர்ந்தேன்.

அப்பா முதுகை ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.

"தம்பி, கணக்கு முடியேல்லை. இடப்பக்கம் ஒரு மடிப்பு மிச்சம் கிடக்கு."