கை பார்த்து ஆயுள் சொல்லும் சட்டம்

கைரேகை பார்த்து ஆயுளைக் கணிப்பவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் எங்கள் பேராக் மண்ணில் பிறந்த ஒரு சட்டத்தை மட்டும் இந்த விஷயத்தில் கையெடுத்துக் கும்பிடுவேன். துப்பாக்கியை அது ஏறெடுத்தும் பார்க்காது. பிடித்திருக்கும் கையைத்தான் பார்க்கும். வெள்ளைக் கையா, பால் மரம் வெட்டிக் காய்ப்பேறிய கையா என்று ஒரு பார்வை. அவ்வளவுதான், ஆயுள் எத்தனை நாள் என்று சொல்லிவிடும். ஓரிரு முறைதான் கணக்குத் தவறியது.

1948 ஜூன் 16. சுங்கை சிப்புட் அருகே எல்பில் தோட்டத்து ஆபீசுக்குக் காலையில் மூன்று பேர் சைக்கிளில் வந்தார்கள். நிர்வாகி ஆர்தர் வாக்கருக்கு வணக்கம் சொல்லிவிட்டுச் சுட்டார்கள். மறுபடி சைக்கிள் ஏறிப் போய்விட்டார்கள். சற்று நேரத்தில் பக்கத்துத் தோட்டமொன்றில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இரண்டு துரைமார். கொலை கொலைதான், அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. நான் மெச்சுவது அரசாங்கத்தின் வேகத்தை. அன்றைக்கே பேராக்கிலும் ஜொகூரிலும் அவசரகாலம், இரண்டே நாளில் மலாயா முழுவதும். கூலி உயர்வு கேட்டால் கமிஷன், அறிக்கை, பரிசீலனை என்று ஆமை நடை போட்டவர்கள்தாமா இவர்கள் என்று கண்ணைக் கசக்கிப் பார்க்கத் தோன்றும். வேகம் புதிதும் அல்ல. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் ஆட்கள் ஐந்து பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தபோதும் சிலாங்கூரில் அவசரகாலம் பிறந்தது. சுட்டவர்களை அடக்க என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்து வந்தன அவசரகால விதிகள். அனுமதி இல்லாமல் துப்பாக்கி ஏந்தினால் தூக்கு. சுட வேண்டாம், குறி பார்க்க வேண்டாம், வைத்திருந்தால் போதும். எத்தனை எளிமை! பாமரனுக்கும் புரியும். துரைமார் இடுப்பில் ரிவால்வர் செருகிக்கொண்டு விடிகாலைப் பெரட்டுக்கு வருவார்கள். பங்களாவைச் சுற்றி முள்வேலி, வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். அது பாதுகாப்பு. வரிசையில் நிற்கிறவன் மடியில் அதே இரும்பு இருந்தால் அது பயங்கரவாதம். நடுவே இருந்த வித்தியாசம் பெர்மிட் என்ற ஒரு துண்டுக் காகிதம். அதையும் துரையின் இனத்தாரே எழுதிக் கொடுத்ததால் வீண் அலைச்சல் இல்லை.

தொண்டைமானின் ஆயுதச்சாலையை ஔவை புகழ்ந்ததுபோல் நானும் உள்குத்து வைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். இந்தச் சர்க்கார் துப்பாக்கிக்காரர்களை ஆதரித்த சர்க்கார். ஜப்பான்காரனைச் சுடக் காட்டுக்குள் ஆயுதம் அனுப்பியதே பிரிட்டன்தான். சண்டை முடிந்து 1945 டிசம்பரில் துப்பாக்கியைத் திருப்பித் தந்த கெரில்லாக்களுக்குத் தலைக்கு 350 வெள்ளியும் ஒரு மூட்டை அரிசியும் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான எங்கள் சித்தியவான்காரர், கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்குக்கு ஓபிஇ விருது. மூன்றே வருடத்தில் விருது ரத்து, அவர் தலைக்கு விலை. அதே துப்பாக்கிக்கு ஒருமுறை அரிசி மூட்டை, ஒருமுறை கயிறு. கொடுக்கிற கை என்றைக்கும் வெறுங்கையாக இருந்ததில்லை.

ஈப்போ நீதிமன்றத்தின் பொறுமையைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1952இல் லீ மெங் என்ற சீனப் பெண், கைவெடிகுண்டு வைத்திருந்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு அங்கே நின்றாள். அப்போது ஜூரி கிடையாது. நீதிபதிக்குத் துணையாக இரண்டு அசெசர்கள். இரண்டு பேரும் ஆசியர்கள், இரண்டு பேரும் ‘குற்றவாளி இல்லை’ என்றார்கள். நீதிபதிக்கு மனம் ஒப்பவில்லை; மறுவிசாரணை. இம்முறை அசெசர்களில் ஒருவர் வெள்ளைக்காரர். அவர் ‘குற்றவாளி’ என்றார், ஆசியர் ‘இல்லை’ என்றார், நீதிபதி வெள்ளைக்காரர் பக்கம் சாய்ந்தார். தூக்கு. சரியான விடை வரும்வரை கணக்கைத் திரும்பப் போடச் சொல்லும் வாத்தியாரை எங்கே பார்க்க முடியும்? லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தது. ஹங்கேரி அரசாங்கம், தன் சிறையிலிருந்த ஆங்கிலேயர் ஒருவரைத் தருகிறேன், இவளைத் தாருங்கள் என்று கேட்க, விஷயம் உலகப் பத்திரிகைகளில் நாறியது. 1953 மார்ச்சில் பேராக் சுல்தான் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார்.

கணக்குத் தவறியதில் ஒன்று இது. இன்னொன்று ஜொகூரில் பிடிபட்ட சாம்பசிவம். துப்பாக்கி, தோட்டா என்று இரண்டு குற்றச்சாட்டு. தோட்டா வழக்கில் விடுதலை, துப்பாக்கி வழக்கில் மறுவிசாரணை வைத்துத் தூக்கு. அந்த விடுதலைக்கும் ஓர் அர்த்தம் உண்டு என்று 1950இல் பிரிவி கவுன்சில் சொல்லித்தான் உயிர் பிழைத்தார். அந்தத் தீர்ப்பை இந்திய உச்ச நீதிமன்றம்கூட எடுத்தாண்டிருக்கிறது.

சுதந்திரம் வந்தால் இத்தனை அருமையான சரக்கு வீணாகிவிடுமோ என்று பயந்தவர்கள் உண்டு. 1960 ஜூலை 31 அவசரகாலம் முடிந்தது. ஆகஸ்டு 1 உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் தொடங்கியது. நடுவில் ஒரு நாள்கூட நம்மை அநாதையாக விடவில்லை. துப்பாக்கிக்கு மரணம் என்ற விதியும் பத்திரமாக வந்து சேர்ந்தது. 1977இல் பினாங்கில் 14 வயதுப் பையனுக்குத் தூக்கு விதித்து, சட்டத்துக்கு வயது வித்தியாசமும் கிடையாது என்று காட்டினார்கள். பிறகு மன்னிப்பு வந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டமோ கள்ளத் துப்பாக்கிக்கு 14 ஆண்டு வரை சிறையோடு ஆறு ரோத்தான் அடிக்குக் குறையாமல் என்று எண்ணிச் சொல்கிறது. கட்டாய மரண தண்டனையைக் கைவிட 2023 வரை ஆனது. நல்ல பொருளை யார்தான் சட்டென்று தூக்கி எறிவார்கள்?

கணக்குத் தவறாத இடத்துக்கு வருகிறேன். தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து, நேதாஜியின் படையில் இருந்து, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானவர் எஸ்.ஏ. கணபதி. சுங்கை சிப்புட் சம்பவத்துக்குச் சில நாள் முன்புதான் அந்தச் சம்மேளனத்தைத் தடை செய்திருந்தார்கள். 1949 மார்ச்சில் ரவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு ரிவால்வரோடும் ஆறு தோட்டாக்களோடும் பிடிபட்டார். வழியில் கிடைத்ததைப் போலீசில் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனார் என்று நம் தோட்டப்புறத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அவர் உயிரை விட்டுவைக்கச் சொல்லி இந்திய அரசு மன்றாடியது. அந்த ஏப்ரல் கடைசியில்தான் நேரு லண்டனில் உட்கார்ந்து, குடியரசானாலும் இந்தியா காமன்வெல்த்தில் இருக்கும் என்று ஒப்புக்கொண்டார். அதற்குப் பிரிட்டன் காட்டிய மரியாதையை நாள் குறித்து வைத்துக்கொள்ளலாம்: மே 4, புடு சிறை, தூக்கு.

அவர் யாரையும் சுட்டதாகக் குற்றச்சாட்டே இல்லை.